மைனி பூசுன அத்தர்

என் மக என்னை வேண்டாம்னுட்டா. பிறந்து ஒரு வாரம்கூட ஆகலை, அதுக்குள்ள அம்மாகிட்டக் கோபம்!

ஆஸ்பத்திரியில சமத்தாக் குடிச்சவதான். வண்டூர் வீட்டுக்கு வந்த மறுநாள் மார்ல வச்சா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வீல்னு கத்துறா. காலையில இருந்து மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாச்சு. மத்தியானம் ஆகியும் ஒரு சொட்டு இறங்கலை. ஆஸ்பத்திரியில இருந்த இந்தி பேசுற நர்ஸ் ரூபா தீதிக்குப் போன் போட்டேன். "ஷாம் தக் தேகோ"ன்னா. சாயங்காலம் வரைக்கும் பாரு, அப்பவும் குடிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு வான்னு சொல்லிட்டா. மார் கல்லாக் கட்டிக்கிச்சு. அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

என் புருஷன் பென்னியோட அக்கா ஷெர்லின் மைனி அன்னைக்குக் காலையிலதான் டவுன்ல மரைன் ஹில்லுல இருந்து ஒத்தாசைக்கு வந்தாங்க. வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. மீன் பிடிக்கிறவன் வீட்டுல மல்லிகைப்பூவா மணக்கும்? "சர்ச்சுக் கோயில்காரங்க பிள்ளை பாக்க வர்றாங்கடி, மானம் போயிரும்"னு என்னை வாசனை சோப்பு போட்டுத் தேய்ச்சு, பவுடரைக் கொட்டி, கழுத்துலயும் மார்லயும் அத்தரைப் பூசிட்டாங்க. படகுல இருந்து வந்தா சோப்பு போட்டுக் குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும்னு தம்பிக்கும் சட்டம்.

கை ஓஞ்சுபோய்ப் பிள்ளையைக் கட்டில்ல போட்டேன். ராத்திரி போட்டிருந்து காலையில குளிக்கக் கழட்டிப் போட்ட நைட்டி அங்கேயே கிடந்துச்சு. கத்தல் டக்குனு நின்னுருச்சு. பாத்தா, நைட்டியில மூக்கைத் தேச்சு, பால் காஞ்ச இடத்தைச் சப்புறா!

"மைனி! இவளுக்கு என்னை அடையாளமே தெரியலை, உங்க அத்தர்தான் தெரியுது! கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்க!"

ஓடிப்போய் வெறும் தண்ணியில கழுவோ கழுவுன்னு கழுவினேன். அந்த நைட்டியையே மாட்டிக்கிட்டு மக பக்கத்துல படுத்தேன். மோந்து பாத்தா. முனகினா. கப்புனு பிடிச்சுக்கிட்டா.

"அடி கள்ளி, நான்தான்டி உன் அம்மா!" எனக்குக் கண்ணீர் பொலபொலன்னு கொட்டுது.

"தெரியாமப் பண்ணிட்டேன் செல்வி"ன்னு மைனியும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. மெதுவாக் குனிஞ்சு பிள்ளை உச்சியை மோந்தாங்க. "ஒண்ணுமே போடலையேடி, எப்படி இப்படி மணக்குறா?"

அப்பப் பாத்து வாசல்ல பென்னி குரல். "அக்கா, ரெண்டு தடவை சோப்பு போட்டுட்டேன், பவுடரும் பூசிட்டேன். உள்ள வரலாமா?"

மைனி பதறிட்டாங்க. "அங்கேயே நில்லுடா! போய் வெறும் தண்ணியில குளிச்சுட்டு வா!"