செம்பிக்கு வைத்த சோறு

வைத்தீஸ்வரனின் அறுபதாம் கல்யாணத்துக்கு நூற்றைம்பது பேருக்குச் சமையல். விடிந்தால் திடீர் பந்த்! பஸ்ஸும் இல்லை, படகும் இல்லை. பாலக்காட்டிலிருந்து ஒருவரும் வந்து சேரவில்லை. மட்டாஞ்சேரிக்குள்ளேயே நடந்து வர முடிந்த முப்பது பேர் சாப்பிட்டுப் போனார்கள்.

"உன் ஆத்துக்காரர் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லேன்னு நான் அப்பவே சொன்னேனாக்கும்" என்று சிரித்தார் வைத்தீஸ்வரன்.

அவர் மனைவி திரிபுரசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்டா அண்டாவாகச் சோறு. பாயசம் வேறு. மே மாத வெக்கையில் சாயங்காலத்துக்குள் ஊசிப் போய்விடும். கொட்டவும் மனம் வரவில்லை.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் செம்பி கத்தியது. காளியம்மையின் பசு. காளியம்மையின் புருஷன் சுடலைமுத்து நகரசபையில் துப்புரவு வேலை. அந்தச் சம்பளம் பாதி மாதத்துக்குத்தான். மீதியைத் தள்ளுவது செம்பியின் பால்.

பசுவுக்குப் போட்டால் புண்ணியமாயிற்றே! காளியம்மை புல்லறுக்கப் போயிருந்தாள். திரிபுரசுந்தரி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே ஐந்து வாளி சுமந்தாள். செம்பி மூச்சு விடாமல் தின்றது. பாயசத்தை நக்கித் தீர்த்தது. அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, அன்றைய குறையெல்லாம் தீர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை செம்பி எழுந்திருக்கவில்லை.

மாட்டு டாக்டர் ராமபத்ரன் வந்து இடது வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "அசையே போடலை. என்ன கொடுத்தே?"

"புல்லுதான் சார். அதையும் நேத்து சாயங்காலம் மோந்துகூடப் பாக்கல" என்றாள் காளியம்மை.

"நான் கொஞ்சம் சாதம் போட்டேன்" என்றாள் திரிபுரசுந்தரி.

"கொஞ்சம்னா எவ்வளவு மாமி?"

"அஞ்சு வாளி."

டாக்டர் நிமிர்ந்தார். "மாமி, மாடு புல்லைத் தின்னாலும் ஜீரணம் பண்றது அது இல்லை. வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடி ஜீவன் இருக்கு. அதுகள் புல்லை மெள்ளப் புளிக்க வைக்கும். அதிலேந்துதான் மாட்டுக்குத் தெம்பு, பால் எல்லாம். சோறு குவிஞ்சா ஒரே ராத்திரியில எல்லாம் பொங்கிப் புளிச்சு, அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறிடும். நாம தின்னா பலம். அதுக்கு விஷம்."

சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார்கள். ஊசி போட்டார்கள். உச்சி வேளைக்குச் செம்பி கழுத்தை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டது. அப்புறம் நிமிர்த்தவே இல்லை.

காளியம்மை வெகுநேரம் அதன் காதைத் தடவியபடி இருந்தாள். திட்டுவாள் என்று திரிபுரசுந்தரி காத்திருந்தாள். திட்டினால் தேவலை.

"நேத்து பந்துன்னு ஒரு கடை திறக்கல மாமி" என்றாள் காளியம்மை. "பிள்ளைங்க வெறும் கப்பைக்கிழங்கை அவிச்சுத் தின்னுட்டுப் படுத்துச்சுங்க. ஏழு பேரு இருக்கோம். நான் புல்லோட வந்ததும் ஒரு சத்தம் குடுத்திருந்தா பாத்திரத்தோட நானே வந்திருப்பேனே."

"தோணலையே, காளியம்மை" என்றாள் திரிபுரசுந்தரி.

சொல்வதற்கு வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.