ஆமென் சொல்லும்வரை

கார் பாலத்துக் கட்டையில் மோதியது மத்தியானம். சாயங்காலத்துக்குள் தேவசிகாமணி வீட்டில் ஸ்தோத்திர ஜெபத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. விபத்தில் சிக்கிய பெண்ணை மற்ற ஊர்களில் முதலில் டாக்டரிடம் காட்டுவார்கள். இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் முதலில் ஐயருக்குப் போன் போட்டார்கள். சபைப் போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வது.

தேவசிகாமணி ரிட்டயர்டான தலைமையாசிரியர். சபைக் கமிட்டித் தேர்தல் வருகிறது, அவர் நிற்கிறார். அவருடைய மகன் ஜெய்சன் திசையன்விளைக் கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் சேக்காளிகளோடு நின்று குடித்துவிட்டுத்தான் காரை எடுத்தான். அவன் மனைவி எப்சி, "நான் ஓட்டுதேன்" என்று சாவிக்குக் கை நீட்டினாள்.

"இங்கன வச்சு மானத்தை வாங்காத. ஏறு."

ஏறினாள். மூலைக்கரைப்பட்டி தாண்டி, வளைவு நெளிவு இல்லாத நேர் ரோட்டில், பாலத்துக் கட்டையில் கொண்டுபோய்ச் சாத்தினான். சீட்பெல்ட் அவள் அடிவயிற்றைக் கவ்விப் பிடித்தது. இரண்டு பேர் மேலிலும் ஒரு கீறல் கிடையாது.

ஆனால் எப்சி மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அது அவளுக்கும் ஜெய்சனுக்கும் மட்டும் தெரியும். போன தடவை சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லி, அது கலைந்ததும் தெரு முழுக்க வந்து துக்கம் விசாரித்தது. இந்தத் தடவை ஸ்கேன் பார்த்த பிறகு வீட்டில் சொன்னால் போதும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். கெட்டிக்காரத்தனமாகச் செய்த அந்த யோசனை இப்போது அவள் வாயையே பூட்டிவிட்டது.

"அத்தான், நேரே ஆஸ்பத்திரிக்குப் போவோம். வயிறு இழுக்கு" என்று நசுங்கிய காருக்குப் பக்கத்தில் நின்றே சொன்னாள்.

"ஆக்சிடெண்டுன்னா போலீஸுக்குச் சொல்லிருவாங்க. என்னைய ஊதச் சொல்லுவான். அப்பா எலெக்சன்ல நிக்காங்க, தெரியும்லா? காலையில போவோம். அதுவரை பைய இரு."

வாடகை வண்டி பிடித்து வீட்டுக்கு வரும் வழியில், கீழே விழுந்து உடைந்த அவளுடைய போனைச் சரிபண்ணித் தருகிறேன் என்று தன் பையில் போட்டுக்கொண்டான். யார் கேட்டாலும் ஆடு குறுக்கே வந்தது என்று சொல்லவேண்டும் என்றான். அப்பாவிடம் சொன்னபோது அது ஒரு ஆடு. தெருமுனைக்குப் போவதற்குள் பசுமாடாகிவிட்டது. ஐயர் வந்து உட்கார்ந்து பேசும்போது, சாத்தான் அவிழ்த்துவிட்ட ஒரு எருமைக் கூட்டமே ரோட்டை மறித்து நின்றது.

எப்சி அடுக்களைக்குப் போனாள். மாமியார் ஜெபராணி தேயிலைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அடிவயிறு வலிக்கு. டாக்டர்கிட்டப் போவணும்."

"பயந்ததுல அப்பிடித்தான் இருக்கும். சுக்குத் தண்ணி தாரேன். ஒரு கீறல் இல்லாம கர்த்தர் காத்திருக்காரு. வந்த ஆட்களுக்கு முன்னால வலிக்கு கிலிக்குங்காதே."

முழு விஷயத்தையும் சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் சபைப் பெண்கள் நாலைந்து பேர் அடுக்களைக்குள்ளேயே வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தலையைத் தடவினாள், ஒருத்தி கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். எல்லாரும் பிரியமானவர்கள்தான். அந்தப் பிரியத்துக்குள் மூச்சுவிடத்தான் இடமில்லை.

பாத்ரூமில் போய்ப் பார்த்தாள். பாவாடையில் ரத்தம். கொஞ்சந்தான், ஆனாலும் ரத்தம். போன தடவையும் இப்படித்தான் கொஞ்சமாக ஆரம்பித்தது.

வெளியே ஜெய்சன் நின்றான். "ரத்தம் போவுது" என்றாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"ஐயர் உக்காந்தாச்சு எப்சி. ஜெபம் முடிஞ்ச உடனே போயிருவோம். கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம், கேட்கிறவர்களுக்கும் சுலபம். அவன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. பயந்தாங்கொள்ளியோடு மாட்டிக்கொள்வது அதைவிட மோசம்.

ஹால் நடுவில் பாயை விரித்து அவளை உட்காரவைத்தார்கள். நான்கு பக்கமும் பெண்கள், வாசலை அடைத்து ஆண்களின் நாற்காலிகள். ஜெபம் தொடங்கிவிட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், கண் திறக்க மாட்டார்கள். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசுவது என்பது அந்த வீட்டுச் சரித்திரத்திலேயே இல்லை. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எடுத்தார். அவரவர் ஜெபத்தில் அவரவர் மகனின் வேலை, மகளின் கல்யாணம், மூட்டுவலி எல்லாம் வந்து போயிற்று. நடுநடுவே எருமைகளும் வந்தன.

வலி சுருட்டிப் பிடித்தது. எப்சி குனிந்தாள், இன்னும் குனிந்தாள், நெற்றி பாயில் பட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், பிள்ளை பரிசுத்த ஆவியில் நிறைந்து உருகுகிறாள் என்று நினைத்து, முதுகைத் தட்டி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கண்ணை மூடவில்லை. எதிர்வீட்டுச் சண்முகசுந்தரி, பிள்ளைமார் வீட்டுப் பெண், மின்வாரியத்தில் வேலை. ஆரஞ்சுப் பழத்தோடு விசாரிக்க வந்தவளை மரியாதைக்கு உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கோயில் என்றால் சாமியைக் கண் நிறையப் பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவது பழக்கமில்லை. அதனால் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவள் எப்சி நிமிர்ந்தபோது அவள் முகத்தையும் பார்த்தாள். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. என்ன என்று புருவத்தால் கேட்டாள். எப்சியால் தலையைத்தான் அசைக்க முடிந்தது.

"இப்போ நம்ம சகோதரி எப்சி ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஜெபிப்பாங்க" என்றார் ஐயர்.

ஹால் அமைதியாயிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பேச்சைக் கடைசிவரை கேட்டது ஜெபத்தில் மட்டும்தான். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அன்பின் ஆண்டவரே" என்று தொடங்கினாள். "ஆடு ஒண்ணும் குறுக்க வரல்ல. அது உமக்குத் தெரியும்."

"ஸ்தோத்திரம்" என்றாள் அந்த அம்மாள், பழக்கதோஷத்தில்.

"எங்க வீட்டுக்காரங்க குடிச்சிட்டு ஓட்டினாங்க ஆண்டவரே. நான் மூணு மாசம் முழுகாம இருக்கேன். பெல்ட் அடிவயித்துல இறுக்கிட்டு, இப்போ ரத்தம் போவுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிக் கெஞ்சிட்டேன், ஒருத்தரும் கேக்கல்ல. போன பிள்ளையைத்தான் குடுத்துட்டேன். இதையும் இங்கன பாயில உக்காந்து குடுக்க என்னால முடியாது."

"ஆமென்" என்றார் தேவசிகாமணி, பள்ளிக்கூட மைதானத்தில் சொல்வதுபோல் சத்தமாக.

"நான் இன்னும் முடிக்கல்ல மாமா" என்றாள் எப்சி, கண்ணைத் திறக்காமலே.

அதற்குள் சண்முகசுந்தரி எழுந்துவிட்டாள். "முடிச்சதெல்லாம் போதும். எந்தி. என் கார் வாசல்லதான் நிக்கு" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள். இன்னொரு கையைப் பிடித்தது ஜெபராணி. "பிள்ளையா, பிள்ளையா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் இழுபட்டு வழி விட்டன. ஐயர் வேதப் புத்தகத்தை மடியில் வைத்தபடி தரையைப் பார்த்தார்.

ஜெய்சன் பின்னாலேயே வந்தான். "போனைத் தாங்க" என்றாள் எப்சி. தந்தான். மாமியார் மட்டும் கூட ஏறியதும் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சண்முகசுந்தரி பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டாள். "வயித்து மேல போடக்கூடாதுட்டி. வயித்துக்குக் கீழ, இடுப்போட சேத்துப் போடணும்" என்றாள். இத்தனை நாள் அதை யாரும் சொல்லித்தரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் அழுத்தி அழுத்தித் தேடினாள். ஜெபராணி மருமகளின் கையை விடவில்லை.

"துடிப்பு இருக்கு" என்றாள் டாக்டரம்மா. "ஆனா ரத்தம் நிக்கணும். இப்போதைக்கு எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன். மோதின உடனே வந்திருக்க வேண்டாமா? இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்க" என்றாள் எப்சி.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆக்சிடெண்டுன்னா போலீஸுக்குத் தகவல் கொடுத்தாகணும்மா. வண்டி ஓட்டினது யாரு?"

எப்சியின் கையைப் பிடித்திருந்த ஜெபராணியின் விரல்கள் இறுகின. இவ்வளவு நேரம் ஆறுதலாக இருந்த கை, மத்தியானம் கவ்விய பெல்ட் மாதிரி இறுகியது. "ஒரு ஆடு குறுக்க வந்துச்சும்மா" என்று ஜெபராணி மெல்ல ஆரம்பித்தாள். பெற்றவள், பாவம், வேறென்ன சொல்வாள்.

எப்சி அந்தக் கையை உதறவில்லை. "ஓட்டினது எங்க வீட்டுக்காரங்க" என்றாள். "குடிச்சிருந்தாங்க."

விரல்கள் தளர்ந்தன. அப்போதுதான் பாயில் பாதியில் விட்டுவந்த ஜெபம் அவளுக்கு நினைவு வந்தது. கண்ணைத் திறந்தபடியே "ஆமென்" என்றாள்.