சிவப்பு ரப்பர்

வெங்கடேஷ்பாபுவுக்குத் தன் காதுகள் மேல் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. முகம் சுமார், கையெழுத்து கோழி கிளறியது, ஆனால் காதை மட்டும் கடவுள் அவசரப்படாமல் உட்கார்ந்து செய்திருக்கிறார் என்று அவரே சொல்லிக்கொள்வார். காளவாசலில் கார்த்திகேஷ் நடத்திவந்த மெல்லிசைக் குழுவில் பதினாறு வருடமாக சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். தபலாவில் ஒரு வார் தளர்ந்திருந்தால் நாற்பதடி தள்ளி இருந்தே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த கையோடு அதை மைக்கிலும் சொல்லிவிடுவார். அவரிடம் இருந்த கோளாறு அதுதான். எதையும் நாலு பேர் கேட்கச் சொன்னால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் பங்குனியில் கார்த்திகேஷ் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். மேடையில் பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரலே கேட்பதில்லை. ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன, முதுகுக்குப் பின்னால் டிரம்ஸ் அதிர்கிறது, சுருதி எங்கேயோ போய்விடுகிறது. பெரிய குழுக்கள் காதுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் மானிட்டர்களுக்கு மாறிவிட்டன. அதை வாங்க வேண்டுமென்றால் குழுவை மொத்தமாக விற்க வேண்டும்.

“ஐநூறு ரூவாய்க்குள்ள, காதுக்குள்ள போற மாதிரி நல்ல இயர்போன் எட்டு ஜோடி வேணும் பாபு. கீழக்குயில்குடி திருவிழாவுக்கு முன்னாடி. நீங்க எதைச் சொல்றீங்களோ அதை வாங்கிருவோம்,” என்றார் கார்த்திகேஷ்.

பாபுவுக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு ஜோடியைப் பெரிய ஷோரூம் ஒன்றிலிருந்து வாங்கினார், பிடிக்காவிட்டால் இரண்டு நாளில் திருப்பித் தரலாம் என்ற பேச்சில். மற்ற மூன்று ஜோடிகளை முஜிபுர் ரஹ்மானின் கடையிலிருந்து எடுத்துவந்தார். முஜிபு அவருக்கு ஒன்பது வருடப் பழக்கம். காளவாசல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பிளாட்பாரத்தில் துணியை விரித்து சார்ஜரும் இயர்போனும் விற்றுக்கொண்டிருந்தவன், மூன்று மாதத்துக்கு முன்னால்தான் எட்டடி அகலத்தில் ஒரு கடை பிடித்திருந்தான். பிளாட்பாரத்தில் இருந்தவரை வருகிறவன் போகிறவன் எல்லாம் அவனிடம் “டூப்ளிகேட்தானே?” என்று கேட்பான். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிப்பதற்காகவே அவன் கடை பிடித்தான் என்றுகூடச் சொல்லலாம். பெயர்ப் பலகையில் கடைப் பெயருக்குக் கீழே, ‘டூப்ளிகேட் விற்பதில்லை’ என்று எழுதச் சொல்லியிருந்தான்.

“பிரிச்சே கொண்டு போங்கண்ணே. கேட்டுப் பாத்துட்டு சொல்லுங்க. உங்க காது ஓகே சொன்னா அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்,” என்று மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் பாபுவுக்கு எண்ணெய்க் குளியல். தலைக்குத் தேய்ப்பது மட்டுமல்ல, காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதுக்கு நாலு சொட்டு விட்டு, பஞ்சை வைத்து அரை மணி நேரம் கண்மூடி உட்காருவார். காது கூர்மையாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. அன்றும் அப்படியே எண்ணெய் விட்டார், குளித்தார், பாயை விரித்து நான்கு ஜோடிகளையும் வரிசையாக வைத்தார். பக்கத்தில் ஒரு நோட்டு, ஒரு கிண்ணத்தில் முறுக்கு.

முறுக்கு தின்பதற்கல்ல, பரிசோதனைக்கு. இயர்போனை மாட்டிக்கொண்டு முறுக்கைக் கடித்து மெல்லும்போது கழன்று விழாமல் இருந்தால்தான் பாட்டுக்காரன் வாய் திறந்து பாடும்போது நிற்கும். இந்த உத்தியைக் கண்டுபிடித்ததில் அவருக்குத் தனிப் பெருமை.

முதலில் ஷோரூம் ஜோடி. தாளம் தாராளமாக இருந்தது, குரல் அதற்கடியில் மாட்டிக்கொண்டு முனகியது. முனை வேறு கல் மாதிரி, பத்து நிமிடத்தில் காது வலித்தது. ‘சுமார்’ என்று எழுதிப் பெட்டியில் வைத்து மூடினார். அடுத்து முஜிபு கொடுத்ததில் சிவப்பு ரப்பர் வைத்தது. மாட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒத்திகையில் பதிவு செய்த பாட்டில், பாடகி மூச்சு இழுக்கிற இடம்கூடக் கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம் உருண்டு வந்தது, வலது பக்கம் தெறித்தது. ரப்பர் மெத்தென்று காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று முறுக்கு தின்றும் அசையவில்லை. நோட்டில் ‘அருமை’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. இயர்போனை வெடுக்கென்று பிடுங்கிப் போட்டுவிட்டு, மாடிப்படிக்குப் போய் ஒலிபெருக்கி வாடகை பற்றிக் கால் மணி நேரம் பேசினார். திரும்பிவந்து எடுத்தால் இடது பக்கத்து முனையில் ரப்பரைக் காணோம். பாயை உதறினார், கிண்ணத்துக்கடியில் பார்த்தார், கிடைக்கவில்லை.

சரி, போகட்டும் என்று வெள்ளை ஜோடியை மாட்டினார். இடது பக்கம் மந்தம். சாம்பல் நிற ஜோடியிலும் இடது பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. வெள்ளையிலிருந்து ஒரு ரப்பரைக் கழற்றிச் சிவப்பில் மாட்டிக் கேட்டார். முன்பு கேட்ட அருமை எங்கே போனதென்று தெரியவில்லை. அவருக்கு மெல்லச் சந்தேகம் வந்தது, பிறகு சந்தேகம் கோபமானது. ‘அருமை’யை அடித்துவிட்டு ‘டூப்ளிகேட்’ என்று எழுதினார். மூடிவைத்த ஷோரூம் ஜோடியை மறுபடி எடுத்து ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்குத்தான் மார்க் போட்டாயிற்றே, போட்ட மார்க்கை மாற்றுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு முஜிபுவின் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பாபு கவரைக் கண்ணாடி மேசை மேல் போட்டார்.

“என்ன பாய் இது?”

முஜிபு நிமிர்ந்து பார்த்தான். அவர் அவனை முஜிபு என்றுதான் கூப்பிடுவார், ஒன்பது வருடத்தில் பாய் என்று சொன்னதில்லை. “என்னண்ணே?”

“மூணுலயும் லெப்ட் சைடு செத்துக் கிடக்கு. இதுல ரப்பரே இல்ல. எவனோ போட்டுக் கழட்டுனதை என் தலையில கட்டிட்டீங்க.”

“நான் குடுக்கும்போது ரப்பர் இருந்துச்சேண்ணே.” முஜிபு இயர்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்தான். “எனக்கு ரெண்டும் கேக்குது. லெப்டை ரைட்ல மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?”

கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பாபுவுக்கு அது சுருக்கென்று தைத்தது. பதினாறு வருடம் மிக்ஸர் பார்த்தவனுக்குப் பிளாட்பாரத்தில் விற்றவன் பாடம் எடுக்கிறானே என்று தோன்றிவிட்டது.

“எனக்கே சொல்லித் தாரீங்களா? போர்டுல மட்டும் டூப்ளிகேட் விக்கிறதில்லன்னு எழுதிப்பிட்டா ஆச்சா? பிளாட்பாரத்துச் சரக்கு கடைக்குள்ள வந்தா ஒரிஜினல் ஆயிருமா?”

மேடைக் குரல் அவருக்கு. கடை முழுக்கக் கேட்டது, வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தவன்கூடத் திரும்பினான். சார்ஜரைக் கையில் வைத்திருந்த ஒருவர் அதை மெதுவாக மேசையில் வைத்தார். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள், ஏற்கெனவே வாங்கிய ஹெட்செட்டைப் பையிலிருந்து எடுத்து, “இது வேண்டாம் தம்பி, துட்டைக் குடுத்துரு,” என்றார்.

முஜிபு வாயைத் திறந்தான். பாபுவின் முகத்தையே, சரியாகச் சொன்னால் முகத்தின் இடது பக்கத்தையே ஒரு கணம் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு அந்த அம்மாளுக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்தான். கவரை மடித்து உள்ளே வைத்தான். “சரிண்ணே,” என்றான், அவ்வளவுதான்.

பாபு ஜெயித்த மாதிரி நடந்துவந்தார். வழியில் முஜிபுவிடமிருந்து மூன்று முறை போன் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான், வேகட்டும் என்று மூன்று முறையும் துண்டித்தார். திங்கட்கிழமை கார்த்திகேஷ் பாபுவின் பேச்சைக் கேட்டு ஷோரூமில் எட்டு ஜோடி வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவர் மனைவி ஸ்ரீலட்சுமி ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள், காது டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்று. அவர்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். கோபம் தலைக்கேறினால் மட்டும் அவள் தமிழுக்கு மாறுவாள். புதன்கிழமை மாறினாள்.

“இந்தப் பக்கம் நின்னு கூப்புட்டா ஏன்னு கேக்குறதில்ல. டிவிய அம்புட்டு சத்தமா வைக்கிறீங்க. நாளைக்கு நீங்க வரல, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்.”

அன்று ஒத்திகையிலும் ஒரு சங்கடம் நடந்திருந்தது. இடது ஸ்பீக்கர் குறைகிறது என்று அவர் ஏற்றிக்கொண்டே போக, பாடகி காதைப் பொத்திக்கொண்டாள். அதனால் மறுபேச்சில்லாமல் வியாழக்கிழமை பைபாஸ் ரோட்டில் டாக்டர் சுந்தரவல்லியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மெல்லிய இடுக்கி ஒன்றை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். ஸ்டீல் தட்டில் பொத்தென்று விழுந்தது. எண்ணெயும் அழுக்கும் அப்பிய, துவரம்பருப்பு அளவு உருண்டை. டாக்டர் அதைப் பஞ்சால் துடைத்தார். சிவப்பாக இருந்தது.

“காதுல எண்ணெய் விடுற பழக்கமா?” என்றார் டாக்டர்.

“சனிக்கிழமை சனிக்கிழமை.”

“எண்ணெய் விட்ட காதுல ரப்பரை மாட்டினா வழுக்கிட்டு உள்ள போகாம என்ன செய்யும்? ஆமா, அஞ்சு நாளா உறுத்தவே இல்லையா?”

மின்விசிறியின் கிரீச் சத்தம் திடீரென்று பாபுவின் இடது காதில் கேட்டது. வெளியே ஆட்டோக்காரன் ஒருவன் சில்லறைக்குத் தகராறு செய்வதும் கேட்டது. எல்லாம் துல்லியமாகக் கேட்கக் கேட்க அவருக்கு உடம்பு கூசியது. ‘எவனோ போட்டுக் கழட்டுனது.’ போட்டதும் அவர், கழற்றியதும் அவர், விழுங்கியது அவர் காது. பச்சைச் சேலைக்காரம்மாள் ஹெட்செட்டைத் திருப்பி நீட்டிய கை கண்ணுக்குள் வந்து நின்றது. டாக்டர் ரப்பரைக் குப்பையில் போடப் போனபோது, அதை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முஜிபுவின் கடைக்குப் போனார். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தொழுகை முடிந்து அவன் அப்போதுதான் கடை திறப்பான், ஒரு ஈ காக்கை இருக்காது. அவமானப்படுத்தும்போது கூட்டம் பார்த்துப் போனவர், மன்னிப்புக் கேட்கக் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனார். இது அவருக்கே தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் கால் அப்படித்தான் போயிற்று.

முஜிபு தொப்பியைக் கழற்றாமலே ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். “வாங்கண்ணே,” என்றான்.

பாபு காகிதத்தைப் பிரித்துக் கண்ணாடி மேல் வைத்தார். “என் காதுக்குள்ளதான் கிடந்துச்சு முஜிபு.”

“தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“அன்னைக்கு சத்தம் போட்டுட்டுத் திரும்புனீங்கள்ல, டியூப்லைட் வெளிச்சத்துல உள்ள சிவப்பா தெரிஞ்சுச்சு. அம்புட்டு பேரு நிக்கயில, அண்ணே உங்க காதுக்குள்ள கிடக்குன்னு எப்படிச் சொல்றது? மைக் முன்னாடி உக்கார்ற ஆளு நீங்க. அதான் பெறகு போன் போட்டேன், எடுக்கல. மறுநாள் வீட்டு நம்பருக்குப் போட்டு அண்ணிகிட்ட டாக்டர்ட்ட காட்டச் சொன்னேன். நான் சொன்னதாச் சொல்ல வேணாம்னு சொன்னேன்.”

அவன் திட்டியிருந்தால் பாபு தாங்கியிருப்பார். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குக் கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும், அவன் கடையின் பெயர் அப்படியே நின்றிருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவன் அவருக்காக விழுங்கினான் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் வாங்கிக் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு, “நாளைக்கு வாரேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். போகிற வழியில் கார்த்திகேஷிடம் எல்லாவற்றையும் சொன்னார். கார்த்திகேஷ் தலையில் அடித்துக்கொண்டார். ஷோரூமில் திருப்பித் தரும் கெடு முடிந்திருந்தது.

சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்க்கவில்லை. சரியாக ஆறு மணிக்குக் காளவாசல் கடைக்குள் நுழைந்தார். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முஜிபு கண்ணால் வேண்டாமென்று சொன்னான். அவர் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடைக் குரலிலேயே ஆரம்பித்தார்.

“போன சனிக்கிழமை இதே எடத்துல நின்னு இந்தக் கடைச் சரக்கு டூப்ளிகேட்னு சொன்னேன். சொன்னது தப்பு. இந்தா பாருங்க, இந்த ரப்பர் என் காதுக்குள்ள மாட்டிக்கிட்டு அஞ்சு நாளா கிடந்துச்சு. டாக்டர் இடுக்கி போட்டு எடுத்தாங்க. கோளாறு என் காதுல, இவர் சரக்குல இல்ல.”

சொல்லிவிட்டு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பச்சைச் சேலைக்காரம்மாள் இல்லை. சார்ஜரைக் கீழே வைத்தவர் இல்லை. போன சனிக்கிழமை கேட்டவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இருந்தவர்களுக்கு, இந்த ஆள் யார், எதற்குக் கத்துகிறார் என்றே விளங்கவில்லை.

சிவப்பு ரப்பர் ஜோடியைக் கையில் வைத்து விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண், காகிதத்தில் கிடந்த ரப்பரையும் தன் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஐயோ, இது காதுக்குள்ள மாட்டிக்கிருமா?” என்று கேட்டுவிட்டு, அதை மெதுவாகக் கண்ணாடி மேல் வைத்தாள். அவளும் அவள் தோழியும் வெளியே போனார்கள்.

முஜிபு அந்த ஜோடியை எடுத்துச் சுற்றிப் பாக்கெட்டுக்குள் போட்டான். அவன் முகத்தில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. மேசைக்கு மேல் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி பாபுவின் இடது பக்கமாகச் சொன்னான்.

“அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே.”

பாபுவுக்கு அது தெளிவாகக் கேட்டது.