ஒன்பதாவது குறை

ஆவடி குவார்ட்டர்ஸில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் ஜெயராமனைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷமாகப் பாகங்களைச் சோதித்து 'ஆகாது' என்று தள்ளிவைக்கிற வேலை. தானம் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மனுஷன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். அது கதவில் ஒட்டாமல் விழுந்தால், அடிபட்ட இடத்தில் பட்டி வைத்துப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை தேடுவார், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று.

"வண்டி பிடிச்சுப்போகவே கூடாது. பிடிச்சுப்போச்சுன்னா அப்புறம் குறை கண்ணுக்குத் தெரியாது" என்பார்.

ஊருக்கெல்லாம் வண்டி பார்த்தவர் வீட்டில் வண்டி இல்லை. அவர் மனைவி ராஜகுமாரிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். நாற்பத்தொன்பது வயதில் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டு அவள் வாங்கிய லைசென்ஸ், நாலு வருஷமாகப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கியது. அவளுக்காகப் பதினேழு வண்டி பார்த்தாயிற்று. டாக்டர் ஓட்டின வண்டி என்றால், "டாக்டருக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" ஒரே ஓனர் என்றால், "அவரே கைவிட்டுட்டாரே!" இப்படியே போனால் ரோட்டில் ஓட்டக் கற்றதே மறந்துபோகும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து பிளாக் வெல்டர் சம்பத் வந்தார்.

"அண்ணாத்தே, மருமவன் புது வண்டி வாங்கிக் குட்த்துட்டாரு. பழச தள்ளப்போறேன். சாய்ந்தரம் நசரத்பேட்டைலேர்ந்து ஒரு பார்ட்டி வர்றான். ஒனக்கு வோணுமா சொல்லு. நீ அன்னிக்கே வேணான்ன வண்டிதான்."

மூன்று வருஷத்துக்கு முன் ஜெயராமன் அந்த நீல வண்டியில் எட்டுக் குறை எழுதிக் கொடுத்தார். சம்பத் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அதையே வாங்கினார். அவர் மனைவி யுவராணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மைதானத்தில் ராஜகுமாரி அதை எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறாள். அதன் கிளட்ச் அவள் காலுக்குப் பழக்கம். அந்த வண்டியைத்தான் அவள் மனசு கேட்டது. சொன்னால் காரியம் கெடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஜெயராமன் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின் கதவில் காந்தம் அதே இடத்தில் விழுந்தது. குனிந்தார், மோந்தார், தட்டினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"என்னங்க?" என்றாள் பின்னாலேயே இறங்கி வந்திருந்த ராஜகுமாரி.

"எட்டும் அப்படியே இருக்கு. புதுசா ஒண்ணும் சேரல." குரலில் ஏமாற்றம் இருந்தது.

"மூணு வருஷத்துல உங்களுக்குச் சர்க்கரை வந்துச்சு, எனக்கு முட்டிவலி வந்துச்சு. இதுக்கு ஒண்ணும் வரல பாருங்க."

"வண்டிகூட ஒன் நோட்டுக்குப் பயந்துகினு கீது அண்ணாத்தே!" என்று சம்பத் சிரித்தார்.

"ஓட்டிப் பார்க்கணும்" என்று ஜெயராமன் திரும்புவதற்குள் ராஜகுமாரி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பக்கம் ஏறுங்க."

நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரை போனார்கள். முதலில் அவர் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சின் சத்தம் கேட்டார். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது. அவள் பதறாமல் ஓரம்கட்டி வழிவிட்டு மறுபடி ரோட்டில் ஏறினாள். பிறகு அவர் எஞ்சினைக் கேட்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்து இறங்கியதும் நோட்டைத் திறந்து என்னவோ எழுதினார். போச்சு, ஒன்பதாவதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ராஜகுமாரி நினைத்தாள். கோபத்தில் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

'9. பிடித்துப்போய்விட்டது.'

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அண்ணே, நசரத்பேட்டைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள்.