அளந்தால் நாற்பது

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு என் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. கிட்டார் சத்தத்தைப் பெருக்க நானே கட்டிய ஆம்ப் சமையலறை மேசையில் வயிறு தெரிய மல்லாந்து கிடந்தது. ஆறு மணிக்கு என் மனைவி அதோடு மேடையேற வேண்டும், ஒன்பது வருஷம் கழித்து. கடைசித் தடவை வாசிப்பு மறந்துபோய்ப் பாதியில் இறங்கி வந்தவள். நாலு மணிக்குள் ஆம்ப் தயாராகாவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடப் போவதாகக் காலையிலேயே அறிவித்துவிட்டாள். வேறு ஆம்ப் இரவல் வாங்கலாமே என்றதற்கு, "உங்க ஆம்ப்னாதான் வாசிப்பேன்" என்றாள். அதில் எனக்குப் பெருமை வேறு.

கோளாறு இதுதான். உள்ளே பல்பு மாதிரி எரிகிற பெரிய வால்வு இரண்டுக்கும் மைனஸ் நாற்பது வோல்ட் போக வேண்டும். பயாஸ் என்பார்கள், வால்வுக்கு அதுதான் கடிவாளம். அது விட்டுப்போனால் உள்ளே இருக்கிற தகடு பழுக்கக் காய்ந்து, சில நிமிஷத்தில் வால்வு பரலோகம் போய்விடும். போன வாரம் ஒன்று போயிற்று. மாட்டியிருப்பது கடைசி ஜோடி. ஆம்பை மல்லாக்கப் போட்டு அளந்தால் மைனஸ் நாற்பது, அச்சடித்த மாதிரி. மீட்டரை எடுத்துவிட்டு நிமிர்த்திப் பார்த்தால் இடது வால்வு சிவக்கிறது. திரும்ப அளந்தால் நாற்பது. பதினோரு தடவை இப்படியே. என்னைக் கண்டு நடிக்கிறதோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

மனைவியின் அண்ணன் வால்வு ரேடியோ பழுதுபார்ப்பவர். அவருக்குப் போன் போட்டேன்.

"பயாஸ் சரியா இருந்தா வால்வு செவக்காது மாப்ள."

"செவக்குதே மச்சான்."

"அப்ப பயாஸ் சரியில்ல."

"சரியாத்தான் இருக்கு. இப்பத்தான் அளந்தேன்."

"அப்ப செவக்காது."

"ஒருத்தர் அளங்க, அதே நேரத்துல இன்னொருத்தர் வால்வப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து மணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை; ஊசி இறங்கியதே தெரியாது என்பார்கள்.

"வால்வு மாட்டுற இந்த ஒரு காலை மட்டும் மீட்டர் முனையால தொடு. பக்கத்துல நானூறு வோல்ட். கை நடுங்கக் கூடாது."

"என் கையா நடுங்கும்?" என்று முனையை வைத்தாள். "ஒண்ணும் காட்டலையே. பூஜ்யம்தான்."

"நல்லா அழுத்திப் பிடி."

"எதுக்கு அழுத்தணும்? தொட்டா போதாதா?"

எதற்கு அழுத்துகிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். அங்கே எல்லா முனையிலும் கரி பிடித்திருக்கும். குத்தி அழுத்தாமல் மீட்டர் பேசாது. இருபது வருஷப் பழக்கம்.

அவள் அழுத்தினாள். நாற்பது. அழுத்தாமல் தொட்டாள். பூஜ்யம். நான் குனிந்து பார்த்தபோது வால்வு சிவக்க ஆரம்பித்திருந்தது.

அணைத்து, மின்சாரம் வடியும்வரை பொறுத்தோம். அவள் அந்தக் காலை உற்றுப் பார்த்தாள்.

"இந்தக் கம்பி ஒட்டவே இல்லீங்க. சும்மா சாஞ்சு நிக்குது."

நான் வைத்த ஈயப் பற்றுதான். பார்க்கப் பளபள என்றிருந்தது, பிடிக்கவில்லை. பதினோரு தடவையும் என் கைதான் அதை அழுத்திச் சேர்த்து வைத்திருக்கிறது.

பற்று வைக்க இரண்டு நிமிஷம். கால் மணி நேரம் எரியவிட்டும் சிவக்கவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நானூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் அசையாத கை இப்போது நடுங்கியது.

"நாலு மணி வரைக்கும் இது சரியாகாது, மேடைக்குப் போகாம தப்பிச்சுடலாம்னு நம்பிட்டு இருந்தேன்" என்றாள்.

அவள் ஏன் மணி பார்த்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப கம்பியைப் பாத்ததைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"உங்க மூஞ்சியப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

போக வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து கிட்டாரை எடுத்தாள்.

"ஒயரக் குடுங்க" என்றாள்.