மேட்டு ஸ்டேஷன் நிறுத்தம்

குழுவில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. உண்மையில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. அவன் சரக்கு ரயில் டிரைவர். அவன் நிஜத்தில் ஓட்டுவதை அவள் கம்ப்யூட்டரில் கட்டிக்கொண்டிருந்தாள்.

தையல் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை. அங்கே நாலைந்து பேர் சேர்ந்து, எப்போதோ மூடிப்போன ஒரு மலைப்பாதையை ரயில் சிமுலேட்டருக்காக அப்படியே எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மலையும் மரமும் ஒருத்தர் பொறுப்பு, ஸ்டேஷன் கட்டிடங்கள் இன்னொருத்தர். இன்ஜின் சத்தம், சக்கரச் சத்தமெல்லாம் பதிவு செய்கிறவனுக்குச் சத்தம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது என்பது வேறு விஷயம். அக்காவின் பங்கு கூட்ஸ் வண்டிகள். கல் குவாரியில் எந்த வேகன் எங்கே நிற்கும், எந்த இன்ஜின் வந்து இழுக்கும், பயணிகள் வண்டிக்கு வழி விட எங்கே ஒதுங்கும், மலையைத் தாண்டி எப்போது துறைமுகம் போய்ச் சேரும், எல்லாம் அவள் கையில்.

அந்தக் காலத்து நேர அட்டவணையை வைத்துத்தான் வேலை செய்தாள். அதில் ஒரே ஒரு விஷயம் பிடிபடவில்லை. பாதையின் உச்சியில் மேட்டு ஸ்டேஷன் என்று ஒன்று. அங்கே தண்ணீர்த் தொட்டி கிடையாது, சரக்கு ஏற்ற இடம் கிடையாது, எதிர்வண்டிக்காக ஒதுங்க இன்னொரு தண்டவாளம்கூடக் கிடையாது. ஆனாலும் துறைமுகம் போகிற ஒவ்வொரு கூட்ஸும் அங்கே வெகுநேரம் நின்றிருக்கிறது.

"டீ குடிச்சிருப்பாங்க," என்றான் சத்தம்.

அக்காவும் சிரித்தாள். விளையாடுகிறவன் காரணமே இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானா என்று யோசித்து அந்த நிறுத்தத்தைத் தூக்கிவிட்டாள்.

இதற்கிடையில் ரயில் ஆர்வலர் சங்கம் ஒன்று பாதையைச் செப்பனிட்டு, ஒரே ஒரு நாள் பழைய நீராவி கூட்ஸை ஓட்டிக் காட்ட அனுமதி வாங்கியது. ஓட்ட ஒப்புக்கொண்டவன் தம்பி. சங்கத்தின் செயலாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "இந்தப் பாதையில தினம் வண்டி விடுறது நீங்க ஒருத்தர்தான். உங்க நேரக் கணக்கையே எங்களுக்குக் கொடுங்களேன்" என்றார். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்கே எடுத்துக் கொடுத்தாள்.

ஓட்டம் நடக்கிற நாள் காலையில் தம்பி ஒரு படம் அனுப்பினான். வேகன்களில் கருங்கல் குவிந்து கிடந்தது. அவள் உடனே ஃபோன் செய்தாள்.

"வெறும் வேகன்னுதானே சொன்ன?"

"ஒத்திகை வரைக்கும் வெறும் வேகன்தான். நேத்து சாயங்காலம்தான் ஏத்துனாங்க. படம் எடுக்க வர்றவங்களுக்கு நிஜமா தெரியணுமாம். ஏறி வர்றதுக்கு இன்ஜின் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான்." பின்னால் அவன் மனைவியின் குரலும் குழந்தை சிணுங்குவதும் கேட்டன. "இவங்க ரெண்டு பேரும் கடைசிப் பெட்டியில வர்றாங்க. சரி, ஃபோனை அணைக்கணும். கீழே வந்து பேசறேன்."

அவளுக்கு ஒரு ஆசை. தம்பி அங்கே ஓட்டும்போது அதே வண்டியை இங்கே தானும் ஓட்ட வேண்டும். அதே இன்ஜின், அதே வேகன்கள், அதே கல் பாரம். அதுவரை அவள் வெறும் வேகன்களோடுதான் ஓட்டிப் பார்த்திருந்தாள். நேரத்தை மிச்சம் பிடிக்க, மேட்டு ஸ்டேஷனுக்குச் சற்று முன்னாலிருந்தே வண்டியை விட்டாள்.

உச்சியைத் தாண்டும் வரை ஒன்றுமில்லை. தாண்டியதும் வேகம் ஏறியது. பிரேக்கைப் போட்டாள். ஏறியது. முழுசாகப் போட்டாள். அப்போதும் ஏறியது. பாலத்துக்கு முந்தின வளைவில் இன்ஜின் தண்டவாளத்தை விட்டு வெளியே பாய்ந்தது. அதன் பின்னால் வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

"எங்கேயோ தப்பு," என்றான் சத்தம். போன வாரம்தான் திரையில் ஒரு வேகன் தானாகப் பறந்து ஸ்டேஷன் கூரையில் போய் உட்கார்ந்திருந்தது.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். கல்லை எடுத்துவிட்டு ஓட்டினாள். வண்டி சமர்த்தாக இறங்கியது. மறுபடி கல்லோடு ஓட்டினாள். மறுபடி அதே வளைவு. எடையைச் சரிபார்த்தாள், சரிவைச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

பழைய வேகன்கள் அவை. இன்ஜினுக்கு ஒரு பிரேக், கடைசியில் கார்டு பெட்டிக்கு ஒன்று. நடுவில் இருக்கிற வேகன்களை இன்ஜினிலிருந்து பிடித்து நிறுத்த வழியே கிடையாது. ஆனால் ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் நீளமாக ஒரு இரும்புக் கம்பி இருந்தது, கை பிரேக். கீழே அழுத்தி, மேலே எழும்பாமல் ஒரு இரும்பு ஊசியைச் செருகினால் அந்த வேகனின் சக்கரத்தை அது இறுக்கும். அழகுக்காக அதையும் அசையும்படி செய்து வைத்திருந்தாள். அதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

வண்டியை உச்சியில் நிறுத்தினாள். வேகன் வேகனாகப் போய்க் கம்பிகளை அழுத்தினாள். பிறகு இறக்கினாள். வண்டி முக்கி முனகிக்கொண்டு, ஆனால் பிடி நழுவாமல், வளைவைக் கடந்து போனது.

"டீ குடிக்க நிக்கலடா," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "இதுக்குத்தான் நின்னிருக்காங்க."

தம்பியின் ஃபோன் அணைந்திருந்தது. செயலாளர் எடுத்தார், பின்னால் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது.

"சார், வண்டியை மேட்டு ஸ்டேஷன்ல நிறுத்தச் சொல்லுங்க. பாரத்தோட இறங்குனா நிக்காது."

"யாரு சொன்னா?"

"நான் ஓட்டிப் பாத்தேன்."

"கம்ப்யூட்டர்லயா?" அவர் சிரித்தே விட்டார். "அம்மா, இது நிஜ இன்ஜின். ஒத்திகை பாத்தாச்சு. இங்க விருந்தாளிங்க வந்துட்டாங்க, நான் அப்புறம் பேசறேன்."

சத்தம் அதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டிருந்தான்.

மலைச்சாலையில் பாதி தூரம்கூடப் போக முடியவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் வண்டிகளைக் கண்டபடி நிறுத்தியிருந்தார்கள். சத்தம் ஹாரனை விடாமல் அடித்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அந்த மலையில் சாலைக்கு அடியில் ஓடை போகிற ஒவ்வொரு மதகும் அவளுக்கு அத்துப்படி. அடுத்த மதகுக்குள் புகுந்து ஓடைச் சரிவில் ஏறினால் நேராக மேட்டு ஸ்டேஷன். திரையில் எத்தனையோ முறை அந்த வழியே போயிருக்கிறாள். திரையில் முள் குத்தாது, மூச்சு வாங்காது. பாதி ஏறுவதற்குள் கண் இருட்டியது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இன்ஜின் புஸ் புஸ்ஸென்று திணறி ஏறுவது கேட்டது. அந்தத் திணறல் நின்றுவிட்டால் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எந்த நொடியில் நிற்குமோ என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு தவழ்ந்து ஏறினாள்.

அவள் தண்டவாளத்தில் கால் வைத்தபோது புகை மட்டும் தெரிந்தது. பிறகு இன்ஜினின் முகம். அவள் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். கொடி இல்லாதபோது வண்டியை நிறுத்த அதுதான் சைகை. விசில் நீளமாக ஊதியது. அவள் நகரவில்லை. பிரேக் கிரீச்சிட்டது. வேகன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஓசை வால் வரைக்கும் ஓடி அடங்கியது. அவளுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடைவெளி.

தம்பி குதித்து இறங்கினான். "பைத்தியமா உனக்கு? கொஞ்சம் விட்டிருந்தா..."

"நீ கீழே போகாத. பிரேக் பிடிக்காது."

இரைக்க இரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"போன வாரம் உன் வேகன் கூரை மேல ஏறி உக்காந்துச்சுன்னு நீதானே சொன்ன?"

"ஆமா, அன்னைக்குப் பறந்துச்சு. இன்னைக்குப் பறக்கல. பிரேக் போட்டும் நிக்காம ஓடி, ரெண்டு தடவையும் அதே வளைவுல விழுந்துச்சு." அவள் இறக்கத்தைக் காட்டினாள். "பழைய அட்டவணையில இங்க நிறுத்தம் இருந்துச்சுடா. நான்தான் தூக்கினேன். ஏன் நிக்குதுன்னு புரியாம தூக்கினேன். அதைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன்."

தம்பி இறக்கத்தைப் பார்த்தான். ஒத்திகையில் பலமுறை இறங்கிய பாதைதான். திரும்பிக் கல் பாரத்தைப் பார்த்தான். பிறகு கடைசிப் பெட்டியைப் பார்த்து, "எல்லாரையும் இறக்குங்க!" என்று கத்தினான்.

தம்பி மனைவி குழந்தையோடு இறங்கி, ஒன்றும் புரியாமல் முறைத்தாள். விளக்க யாருக்கும் நேரமில்லை. இதற்குள் மேலே வந்து சேர்ந்திருந்த சத்தம் எல்லாரையும் சாலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கார்டின் ஃபோன் அடித்தது. செயலாளர். தம்பி வாங்கி, "சார், வண்டி இப்ப என் பொறுப்பு. நான் சொல்றப்பதான் நகரும்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

கம்பிகளை அழுத்துவது திரையில் செய்தது போல இல்லை. துரு ஏறியிருந்தது. தம்பியும், இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனும், கார்டும் தொங்கி, மிதித்து, திட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மூன்று வேகன்களில் மட்டும் கம்பி கடைசிவரை அசையவில்லை. வண்டியை அங்கேயே ஒதுக்கி விட இன்னொரு தண்டவாளமும் இல்லை, பின்னால் இறக்கினாலும் சரிவுதான்.

"மிச்சத்தைக் கார்டு பெட்டிதான் பிடிக்கணும்," என்றான் தம்பி. "அங்க இருக்கிற பிரேக் சக்கரத்தைச் சுத்த ஒரு ஆள் பத்தாது."

"நான் ஏறறேன்."

"வேணாம்கா."

"நான் போட்ட கணக்குலதான் வண்டி ஓடுது. நான் ஏறுவேன்."

அவன் அவள் காலைப் பார்த்தான். ஒற்றைச் செருப்பு. பிறகு இன்ஜினுக்கு நடந்தான்.

வண்டி உச்சியைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போலிருந்தது. முதலில் நடக்கிற வேகம். பிறகு மெல்லோட்டம். கார்டும் அவளும் பிரேக் சக்கரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறுக்கினார்கள். சக்கரங்கள் ஓலமிட்டன. கருகிய இரும்பு வாடை மூக்கில் ஏறியது. "இன்னும் ஒரு சுத்து," என்றார் கார்டு. உள்ளங்கை உரிந்தது, சுற்றினாள். வேகம் குறையவில்லை. ஆனால் அதற்கு மேல் ஏறவும் இல்லை.

அந்த வளைவு வந்தது. முன்னால் இன்ஜின் சாய்ந்து திரும்புவதைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டால் தேவலை என்றிருந்தது, மூடவில்லை. ஒரு வேகன், அடுத்தது, அதற்கடுத்தது. கல் ஒன்று உருண்டு பாலத்துக்குக் கீழே போனது. கார்டு பெட்டி வளைந்து நிமிர்ந்தது. பாலத்தின் இரும்பு காலடியில் கடகடவென்று அதிர்ந்தது. அதன்பிறகுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

துறைமுக ஸ்டேஷனில் வண்டி நின்றபோது ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது. பேண்டு வாத்தியம் பாதியில் நின்றுவிட்டது. செயலாளர் கோபமாகத்தான் வந்தார். முதல் வேகனின் பக்கத்தில் வந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அவர் வேகன் வேகனாக நடந்து, கீழே அழுத்தியிருந்த கம்பிகளைப் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வரும்போது முகத்தில் இரத்தமே இல்லை.

"கல்லு ஏத்தச் சொன்னது நான்தாம்மா," என்றார் அக்காவிடம்.

தம்பி இன்ஜினை விட்டு இறங்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தான். யாரோ கொடுத்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க வரவில்லை, உள்ளங்கை உரிந்திருந்தது. அக்கா வாங்கித் திறந்து கொடுத்தாள். அவள் கையிலும் தோல் இல்லை.

அப்போதுதான் தம்பி மனைவி காரில் வந்து இறங்கினாள். வரும்போதே ஆரம்பித்துவிட்டாள். "நடு மலையில இறக்கி விட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. புள்ளை வழியெல்லாம் அழுதுட்டே வர்றான். என்னதான் நெனச்சுட்டு இருக்கீங்க ரெண்டு பேரும்?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சொன்னாள். திரையில் வண்டி விழுந்தது, நிறுத்தத்தைத் தான் தூக்கியது, செயலாளரின் சிரிப்பு, அசையாத கம்பிகள், எதையும் மறைக்காமல் சொன்னாள். தம்பி மனைவி புகைந்துகொண்டிருந்த சக்கரங்களை ஒரு முறை பார்த்தாள். தானும் குழந்தையும் உட்கார்ந்து வந்த கடைசிப் பெட்டியையும் பார்த்தாள்.

பிறகு நடந்து போய் குழந்தையைத் தம்பியின் மடியில் வைத்தாள். அவன் கையெல்லாம் கரி. குழந்தையின் வெள்ளைச் சட்டை நொடியில் கறுப்பாகிவிட்டது. எப்போதும் துணி அழுக்கானால் வீட்டை இரண்டாக்குகிறவள், அவன் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து, "நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோங்க," என்றாள்.