பெஞ்சுக்கு அடியில் எழுதியிருந்தது

உப்புத்தாள் என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எந்நேரமும் ஒரு துண்டு உப்புத்தாளை வைத்துக்கொண்டு எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பகலெல்லாம் ஆஸ்பத்திரித் தையல் அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவாள். வீட்டுக்கு வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியோ முக்காலியோ ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வீட்டில் கடையில் புதுசாக வாங்கியது என்று ஒரு சாமான் கிடையாது. லாரி ஓட்டிய புருஷன் ஒரு வளைவில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மிஞ்சியது ஏழு வயதுப் பெண்ணும் நாலு சுவரும்தான். அந்த நாலு சுவருக்குள் அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தாள். இடித்த வீட்டு ஜன்னல் கதவுகள் இரண்டு அலமாரிக் கதவுகளாயின. மூடிப்போன தபால் ஆபீஸ் மேஜை பெண்ணுக்குப் படிக்கிற மேஜையானது. சலூன்காரர் தூக்கிப்போட்ட கண்ணாடிக்குச் சட்டம் போட்டு மாட்டினாள். மூன்று கால் நாற்காலி கிடைத்தால் நாலாவது காலுக்கு ஆறு மாதமானாலும் காத்திருப்பாள். பழைய சாமான் கடைக்காரர், "அக்கா, உனக்கு ஒரு கால் வந்திருக்கு, வந்து பாரு" என்று சொல்லி அனுப்புவார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டுக்குள் நுழைந்தால் கண் நிறைந்துவிடும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தடவை பக்கத்துத் தெருவில் ஏதோ களவு போய், போலீஸ்காரர் ஒருவர் வந்து அவள் நாற்காலியைக் காட்டி, "இதுக்கு ரசீது எங்கே?" என்று கேட்டுவிட்டார். குப்பையில் கிடந்ததற்கு எவன் ரசீது கொடுப்பான்? தெருவே வேடிக்கை பார்த்தது. அன்று முதல் எந்தச் சாமான் வந்தாலும் வேலை முடிந்ததும் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் எழுதிவிடுவாள். எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, என்ன வேலை பார்த்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளில் வார்டு பெயர் எழுதிப் பழகிய கை. எழுத்து முத்து முத்தாக விழும். 'ழ'வுக்கு மட்டும் வாலை நீளமாக இழுத்துச் சுழிப்பாள். போகப்போக வீட்டு விஷயமும் அதில் ஏறிக்கொண்டது. 'இன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டு கால்தான் தேய்க்க முடிந்தது.' இப்படி.

அந்தப் பாப்பாவுக்கோ இந்தச் சாமான்களைக் கண்டாலே ஆகாது.

"செத்தவங்க வீட்டு நாற்காலி, திவாலானவன் வீட்டு அலமாரி. எல்லாம் நம்ம வீட்டுலதான் வந்து விழணுமா?" என்று கத்துவாள். சிநேகிதிகள் வந்தால் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்தமாட்டாள். தனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். என்றைக்காவது ஒருநாள், நாலு பேர் நடுவில், 'இது எங்கம்மா செஞ்சது' என்று அந்த வாயிலிருந்து வரவேண்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும் என்று இருபது வருஷம் தேய்த்தாள்.

பெண்ணுக்குப் பெரிய இடத்தில் கல்யாணமானது. பெரிய இடத்துக்காரர்களுக்குத் திடீரென்று பழசின்மேல் மோகம் பிடித்தது. அவ்வளவுதான், மகள் ஒரு சின்ன லாரியோடு வந்து இறங்கினாள்.

"அம்மா, புது வீட்டுக்கு இதெல்லாம் அப்படிப் பொருந்தும்மா! எடுத்துக்கவா?"

பெற்ற மனசாயிற்றே, உருகிவிட்டது. "உனக்கில்லாததாடி? எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள். மேஜை, அலமாரி, நாற்காலிகள், பெஞ்சு, சுவரில் இருந்த கண்ணாடிவரை எடுத்துக்கொண்டாள். மிச்சம் ஒரு இரும்புக் கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். "உனக்கென்னம்மா, கைராசிக்காரி. மறுபடி தேத்திடுவ" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினாள். அடியில் இருக்கும் எழுத்தைப் பற்றி அம்மாவுக்கும் நினைப்பு வரவில்லை, மகளுக்கும் வரவில்லை.

புது வீட்டில் விருந்து வைத்தார்கள். உப்புத்தாள் இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். மகள் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் காதில் சொன்னாள்:

"சாமானைப் பத்தி யாராவது கேட்டா, எங்க கொள்ளுத்தாத்தா காலத்துதுன்னு சொல்லு."

"உங்கப்பாவோட தாத்தா மூட்டை தூக்கினவர்டி. நாற்காலியை முதுகுல சுமந்திருப்பார், உட்கார்ந்திருக்க மாட்டார்."

"அதை இப்போ மைக் வெச்சு சொல்லணுமா? சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா சிரி."

சிரித்தாள். வேறென்ன செய்ய? தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு பந்திப் பக்கம் போனாள். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் மாப்பிள்ளையின் மேலதிகாரியும் அவர் மனைவியும் உண்டு. எதிரே சம்பந்தியம்மா. பேசினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். அவள் தலையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் காதுத் தோடு கழன்று பெஞ்சுக்கு அடியில் உருண்டது.

சம்பந்தியம்மா முக்கி முனகிக் குனிந்து போன் வெளிச்சத்தை அடித்தாள். தோடு கிடைத்தது. கூடவே இன்னொன்றும் கிடைத்தது.

"இங்க என்னமோ எழுதியிருக்கே!" என்றாள். படித்தாள், கணீரென்று படித்தாள். "'ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்தது. பிணவறை வராந்தா பெஞ்சு. சோடா போட்டு மூன்று தடவை கழுவினேன். நல்ல தேக்கு. பாப்பா இதில் உட்கார மாட்டேன் என்று ஒரு வாரம் அழுதாள்.'"

பெஞ்சிலிருந்த நாலு பேரும் தேள் கொட்டியதுபோல எழுந்தார்கள். மேலதிகாரியின் மனைவி தட்டோடு எழுந்து நின்றாள், மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். சம்பந்தியம்மா அந்த எழுத்தைப் போனில் படமும் பிடித்துக்கொண்டாள்.

மேலதிகாரி மட்டும் விவரம் தெரிந்தவர். குனிந்து, பெஞ்சுக் காலைத் தடவிப் பார்த்தார். "பிணவறையோ எதுவோ, வேலை பிரமாதம்ங்க. ஒட்டு போட்ட இடமே தெரியல. யாரு பார்த்த வேலை இது?"

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். உப்புத்தாளும் பார்த்தாள். இருபது வருஷமாகக் காத்திருந்த நாலு பேர் வந்து நிற்கிறார்கள், கேள்வியும் கேட்டாகிவிட்டது. சொல்லுடி என் ராசாத்தி, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"ஐயோ, இது எங்க பெஞ்சே இல்ல சார்" என்றாள் மகள், முகத்தில் ஈயாடாமல். "பாலிஷ் போடக் குடுத்த இடத்துல மாத்திட்டானுங்க. எவளோ ஒருத்தி எழுதி வெச்சிருக்கா, பாருங்க."

எவளோ ஒருத்தி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, பசியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "அம்மா, உடனே வா. வரும்போது உப்புத்தாள் எடுத்துட்டு வா."

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனாளே, அவளை என்ன சொல்ல! கூடத்தில் சாமான்கள் எல்லாம் கவிழ்ந்து கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. பெஞ்சை மட்டும் காணோம். விடிவதற்குள் அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தாள் மகள்.

"எல்லாத்தையும் தேச்சிடும்மா. ஒரு எழுத்து இருக்கக் கூடாது. அத்தைக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நாளைக்கு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்க்கப் போறாங்களாம்."

உப்புத்தாள் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி ஒன்று. 'பாப்பா இன்று பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு.' தேய்த்தாள். அலமாரி. 'கீல் வாங்க முடியவில்லை. அடுத்த மாதம்.' தேய்த்தாள். மரத்தூள் மடியில் விழுந்தது.

"நேத்து அந்த ஐயா கேட்டாரே, யாரு பார்த்த வேலைன்னு" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு? எங்கம்மா குப்பை பொறுக்கினதுன்னா?"

உப்புத்தாள் அடுத்த நாற்காலியை இழுத்துக்கொண்டாள். கடைசியாகத் தபால் ஆபீஸ் மேஜை. அதையும் தேய்த்து முடித்தபோது மதியமாகிவிட்டது. எழுந்திருக்கப் போனவளிடம் மகள் ஒரு பென்சிலை நீட்டினாள்.

"இன்னும் ஒரே ஒரு வேலைம்மா. உன் எழுத்து அந்தக் காலத்து எழுத்து மாதிரி அழகா இருக்கும்ல? இந்த மேஜைக்கு அடியில எழுது. 'வழிவழியாக நம் குடும்பத்துக்கு வந்த மேஜை. வாரிசுகள் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். இப்படிக்கு, கொள்ளுத்தாத்தா.'"

"யாராவது தன்னையே கொள்ளுத்தாத்தான்னு எழுதிப்பாங்களாடி? அவருக்குக் கையெழுத்தே வராது, பெருவிரல்தான்."

"சரி, பேர் வேணாம். மத்ததை எழுது. அத்தை வந்து படிச்சுட்டு வாயை மூடிக்கட்டும்."

உப்புத்தாள் பென்சிலை வாங்கினாள். அப்போதுதான் அது உறைத்தது. சம்பந்தியம்மா போனில் படம் இருக்கிறது. 'கழுவினேன்' இருக்கிறது, 'அழுதாள்' இருக்கிறது. நீண்டு சுழித்த அந்த 'ழ' வாலை நேற்று அத்தனை வெளிச்சத்தில் பார்த்தவள், நாளைக்கு இதையும் பார்ப்பாள். வேறு யாரையாவது எழுதச் சொல்லடி என்று சொல்ல வாய்வரை வந்தது. மகளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மேஜையில் பத்து வருஷம் படித்தவள், இந்த எழுத்தில்தான் அகரம் பழகியவள். அம்மாவின் எழுத்துக்கு என்ன அடையாளம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எவளோ ஒருத்தி.

வாயை மூடிக்கொண்டாள். பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு நிதானமாக எழுதினாள். 'வழிவழியாக' என்பதில் இரண்டு வால்களையும் நன்றாக நீட்டி இழுத்து, ஆற அமரச் சுழித்தாள்.

மகள் குனிந்து பார்த்துக் கைதட்டினாள். "அப்படியே நிஜம் மாதிரி இருக்கும்மா!"

"என் எழுத்து எங்க எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.